வலையில் நின்றவள்

ஹார்மன், சஸ்காட்செவான்
6 அக்டோபர் 1996

அக்காவுக்கு,

உன் தங்கை வெர்னா எழுதுகிறேன். நான் சுகம், முதுகு மட்டும் வழக்கம்போல முணுமுணுக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? லெஸ்லியும் மருமகனும் சின்னப்பயல் டைலரும் சௌக்கியமா? போனில் கேட்டால் ‘எல்லாம் நல்லாருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் ஒரே வரியில் தப்பிக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

வால்டர் அத்தான் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போனது புத்திசாலித்தனம்தான். ஒழுகுகிற கூரைக்கு அதைவிட நல்ல விலை எவனும் தரமாட்டான். இங்கே அறுவடை முடிந்தது. இனி டிராக்டர் சாமான் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பனி டயர் விற்றுத்தான் கடை ஓட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் ரிங்க்கில், நம் ஐஸ் ஹாக்கித் திடலில், பனி போடுகிறார்கள். நம் மேக்பை அணியில் எல்லாரும் மறுபடி வருகிறார்கள். தபாலாபீஸ் ஐரீன் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் வருகிறாள். வலை உன்னுடையதுதான். மார்ச்சில் லாய்ட்மின்ஸ்டர் போட்டிக்கு ரெட் டியரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. பயிற்சிக்கெல்லாம் நீ வரவேண்டாம். பதினாறு குளிர்காலம் அதே வலையில் நின்றவளுக்கு எதற்குப் பயிற்சி? வலை காக்கிற கோலிக்கு ரிங்க் வாடகையில் பங்கும் கிடையாது. இதைவிட லாபமான இடம் இந்த ஆட்டத்தில் இல்லை என்று முதல் நாளே உனக்குச் சொன்னேன்.

மருந்துக்கடைக்குப் புதிதாக வந்தவர் மனைவி கோனி, கல்லூரியில் கோலியாக இருந்தவளாம். கடைக்கே வந்து, “வலை காலியாத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

“காலி இல்லம்மா, ஆள் ஊருக்குப் போயிருக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குளிருக்கு முன்னால் காதை மூடிக்கொள்ளப் பழகு.

உன்
வெர்னா


ரெட் டியர், ஆல்பர்ட்டா
27 அக்டோபர் 1996

அன்பு வெர்னா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். என் ரத்த அழுத்தம் இறங்கித்தான் இருக்கிறது, டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாள். உன் முதுகுக்குச் சூடு வை. டயரை நீயே தூக்காதே, கடைப் பையன்களை விடு.

டைலர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான். மருமகன் அதிகம் பேசமாட்டார், ஆனால் நல்ல மனுஷன்.

அந்த கோனி பெண்ணை ஏனடி திருப்பி அனுப்பினாய்? கோலியாக நிற்க ஆசைப்பட்டு ஒருத்தி தானாக வருவது லேசான விஷயமா? அவளைச் சேர்த்துக்கொள். மார்ச்சில் நான் எப்படி இருப்பேன், எங்கே இருப்பேன் என்று இப்போதே சொல்ல முடியாது.

ஒரு சின்ன உதவி. உன் நிலவறையில் என் பழைய பழுப்பு நிற ஸ்கேட் ஒரு ஜோடி தொங்கும். கோலி ஸ்கேட் இல்லை, அதற்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தது. அதை அனுப்புவாயா? டைலரோடு ஏரிப் பனியில் நடக்கத் தேவைப்படுகிறது.

ஐரீனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா
அடலீன்


ஹார்மன்
10 நவம்பர் 1996

அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். பாதி சம்மதம் மாதிரி எழுதியிருக்கிறாய். வியாபாரியிடம் பாதி சம்மதம் சொன்னவள் முழுசாக வாங்காமல் போனதில்லை.

ஸ்கேட் கேட்டாய். எனக்கா புரியாது? மொத்த மூட்டையும் கேட்கக் கூச்சம், அதனால் ஓரமாக ஆரம்பிக்கிறாய். வியாழக்கிழமை பஸ்ஸில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்: கால் மெத்தைகள், மார்க்கவசம், முகமூடி, அகல மட்டை, கோலி ஸ்கேட். வார்களுக்கு நானே எண்ணெய் போட்டேன். இடது மெத்தையில் பிய்ந்திருந்த மூலைக்குச் செருப்புத் தைக்கிறவரிடம் புதுத்தோல் வைத்துத் தைத்தாயிற்று. மூட்டையைத் தூக்கும்போது பஸ் டிரைவர், “உள்ள யாரையாவது வச்சு அனுப்புறியாம்மா?” என்றான். “எங்க அக்காவோட பாதி உடம்புய்யா, மெதுவா வை” என்றேன்.

அந்தப் பழுப்பு ஸ்கேட் துருப்பிடித்துக் கிடக்கிறது. அது எதற்கு? இதையே போட்டுக்கொண்டு நட.

கோனி மறுபடி வந்தாள். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன், அது எங்கள் அக்கா இடம் என்று. கோபித்துக்கொண்டு வில்லோபாங்க் அணியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போகட்டும். இன்று வந்தவளுக்காக நம் ஆளை விடுகிறவள் நான் இல்லை.

பனிக்காற்றில் வெறுந்தலையோடு போகாதே.

வெர்னா


ரெட் டியர்
15 டிசம்பர் 1996

அன்பு வெர்னா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோரும் நலம். நான் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்போரம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. சொன்னால் நம்பமாட்டாய், கண்ணாடியில் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது.

மூட்டை வந்தது. இவ்வளவு சிரத்தையாகத் தைத்து, எண்ணெய் போட்டு அனுப்பியிருக்கிறாய். பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கார்க்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது அந்தப் பழுப்பு ஸ்கேட்தான், வெர்னா. பரவாயில்லை, இங்கே ஒரு பழைய சாமான் கடையில் என் அளவுக்கு ஒன்று கிடைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் போன் செய்யாதே, நான் வீட்டில் இருப்பதில்லை. டைலருக்கு ஏதோ வகுப்பு.

ஒன்று கேட்கவேண்டும். நீ இத்தனை வருஷம் தடுப்பு ஆட்டக்காரி. எதிராளி இடது ஓரமாக வரும்போது எப்போது விட்டுப்பிடிப்பாய், எப்போது நெருக்குவாய்? டிவியில் ஒரு ஆட்டம் பார்த்தபோது தோன்றியது. வலையிலிருந்து பார்த்தால் உன் முதுகுதானே தெரியும்.

கோனி போய்விட்டாள் என்பது வருத்தமாக இருக்கிறது. உண்மையிலேயே வருத்தம்.

ஜனவரி கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வர முடியவில்லை. என் பங்கு பெரஹிக் கொழுக்கட்டையையும் நீயே சாப்பிடு.

உன் அக்கா
அடலீன்


ஹார்மன்
8 ஜனவரி 1997

அக்காவுக்கு,

பண்டிகை நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டு பதார்த்தமும் நானே செய்தேன். பெரஹி கொஞ்சம் கெட்டி. நம் உக்ரைன் வழக்கப்படி மேஜையில் ஒரு காலித்தட்டு வைத்தேன். ஐரீன் அதைப் பார்த்துவிட்டு, “இது அடலீனுக்கா?” என்றாள். “அது செத்தவங்களுக்குடி, வாயைக் கழுவு” என்றேன். மைனஸ் நாற்பது குளிர். வண்டிகள் கிளம்பமாட்டேன் என்கின்றன, அதனால் பேட்டரி நன்றாக விற்கிறது.

இடுப்பு எப்படி? படியில் உப்புத் தூவச் சொல் மருமகனிடம்.

நீ கேட்டதற்குப் பதில். இடது ஓரமாக வருகிறவளை நீலக்கோடு வரை விட்டுவிடுவேன். பத்தில் ஒன்பது பேர் நடுவுக்குத்தான் திரும்புவார்கள், நானும் அங்கேதான் காத்திருப்பேன். தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், வெளியே விடாதே: எவளாவது நடுவுக்குத் திரும்பாமல் திடலோரப் பலகைச்சுவரை ஒட்டியே போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. என் முதுகு அந்தப் பக்கம் திரும்பாது. அது யாருக்கும் தெரியாததால் பிழைப்பு ஓடுகிறது. இதையெல்லாம் இப்போதாவது கேட்கிறாயே, சந்தோஷம். வலையில் நின்று எனக்குக் குரல் கொடுக்க வசதியாக இருக்கும்.

பயிற்சியில் வலைக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, அதில் ரப்பர் பக்கை அடிக்கிறோம். ‘அடலீனை விட இது கொஞ்சம் வேகம்’ என்று ஐரீன் கிண்டல் செய்கிறாள்.

எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

வெர்னா


ரெட் டியர்
16 பிப்ரவரி 1997

அன்பு வெர்னா,

நீயும் கடையும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

போட்டிக்கு என்னால் வலையில் நிற்க வரமுடியாது. இதைப் பாதி சம்மதமாகப் படிக்காதே. எனக்காக இடத்தைக் காலியாக வைக்காதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். யாரையாவது இரவல் வாங்கு. வில்லோபாங்க் அணியிடம் கேட்டால் கோனியைத் தருவார்கள். கோலியை இரவல் கேட்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

இன்னும் கொஞ்சம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நேரில் பேசவேண்டியது.

லாய்ட்மின்ஸ்டருக்கு நீங்கள் கட்டாயம் போகிறீர்களா?

உன் அக்கா
அடலீன்


ஹார்மன்
11 மார்ச் 1997

அடலீன்,

நான் சுகம். நீ சுகம் என்பதைக் கண்ணால் பார்த்தேன், கேட்கவேண்டியதில்லை.

கோனியிடம் போய்க் கையேந்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஐரீனுக்கு இரவல் மெத்தையைக் கட்டி வலையில் நிறுத்தினோம். “பக் வந்தா நான் ஒதுங்கிக்குவேன், அதுதான் மரியாதை” என்றாள். அறுபத்து நாலு வயதில் அவள் அங்கே நின்றதே பெரிது. முதல் இரண்டு ஆட்டத்தையும் எப்படியோ ஜெயித்தோம். மூன்றாவதில் வரவேண்டிய அணி பனிப்புயலில் மாட்டிக்கொள்ள, பதிலுக்கு ரெட் டியர் அணி வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பச்சை ஜெர்சிக்காரி ஒருத்தி இடது ஓரமாகக் கிளம்பினாள். முழங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு, கோழி துரத்துகிறவள் மாதிரி. நான் நடுவில் காத்திருந்தேன். அவள் நடுவுக்கு வரவில்லை. பலகைச்சுவரை ஒட்டியே என்னைத் தாண்டிப் போனாள். ஐரீன் சொன்னபடி மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள்.

முகக்கம்பிக்குள் யாரென்று நான் பார்க்கவில்லை. அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். அப்பாவின் குளத்தில், அண்ணன்மார் ஒருத்தனாலும் பிடிக்க முடியாத உன் பன்னிரண்டு வயது ஓட்டம். பதினாறு வருஷமாக நீ நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ஓடுவாய் என்பதே மறந்துபோயிருந்தது.

புதன்கிழமை வகுப்பு டைலருக்கு இல்லை, அப்படித்தானே? படியும் வழுக்கவில்லை.

என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டே என்னைத் தாண்டினாய். சந்தையில் இதற்கு ஒரு பேர் உண்டு. எழுத மனமில்லை.

வெர்னா


ரெட் டியர்
6 ஏப்ரல் 1997

அன்பு வெர்னா,

உன் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. தினமும் பார்த்துக்கொண்டே பதில் எழுதாமல் இருந்தேன். நீ நலமாக இருக்கவேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் எதிரெதிரே ஆடுவோம் என்று கனவிலும் நினைக்கவில்லை. புயலால் எங்களைக் கூப்பிட்டபோது எங்களிடம் ஆள் குறைவு, நான் வராவிட்டால் அணியே வந்திருக்காது. வரும் வழியெல்லாம் உன்னிடம் முதலில் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். வந்து இறங்கியதும் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஓரமாகப் போனது திட்டம் போட்டு இல்லை. உன்னைப் பார்த்ததும் கால் தானாகப் போய்விட்டது. நீ நம்பாவிட்டால் அதையும் புரிந்துகொள்வேன்.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கும் வரிசையில் நீ வந்தாய். கையுறையைக் கழற்றி வைத்திருந்தேன். “வெர்னா” என்றேன். மற்ற எல்லாரிடமும் சொன்ன அதே குரலில் “நல்ல ஆட்டம்” என்று சொல்லி, அடுத்தவளுக்குக் கையை நீட்டிவிட்டாய். கேன்டீன் பக்கத்தில் இரண்டு காப்பி வாங்கிவைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் வேன் கிளம்புவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இங்கே முதல் நாள், “எந்த இடத்தில ஆடுவீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். ஊரில் யாரும் என்னைக் கேட்டதில்லை. ‘இந்த வருஷம் மட்டும் நில்லுக்கா’ என்றாய், நின்றேன். உன்மேல் குற்றமில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டதும், ‘இடது ஓரம்’ என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொன்னால், நீ நல்ல காரணங்களாக அடுக்கி என்னைத் திரும்ப வலையில் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். உன்னிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததில்லை.

மூட்டையை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது உதவும்.

உன் அக்கா
அடலீன்


ஹார்மன்
16 நவம்பர் 1997

அக்காவுக்கு,

இத்தனை மாசம் எழுதவில்லை. விதைப்பு, அறுவடை என்று சாக்குச் சொல்லலாம். டிராக்டர் உழும்போதும் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சுகம். நீ, லெஸ்லி, டைலர் எல்லோரும் சுகமா? டைலருக்கு ஒரு பல் விழுந்ததாக லெஸ்லி போனில் சொன்னாள்.

மூட்டை வசந்தகாலம் முழுக்கக் கடை மூலையிலேயே கிடந்தது. ஒருத்தன் விலை கேட்டான், கொடுக்கவில்லை. பனி போட்ட பிறகு மறுபடி ஐரீனை நிறுத்த மனம் வரவில்லை. கோனி வில்லோபாங்க்கில் சந்தோஷமாக இருக்கிறாள். ஒருநாள் நானே கட்டிக்கொண்டேன். வார் மாட்டவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஐரீன் முழங்காலில் உட்கார்ந்து கட்டிவிட்டு, “முதலாளியம்மா, எந்திரிச்சிருவீங்களா, இல்ல கிரேன் வரணுமா?” என்றாள்.

இப்போது நான்தான் கோலி. நன்றாக ஆடுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். முதுகு திரும்பவேண்டாம் என்பது ஒன்றுதான் வசதி. பக் வருகிறபோது பயமில்லை. அது வராதபோதுதான் கஷ்டம். அந்தக் கோடியில் ஆட்டம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி, சத்தம் மட்டும் வருகிறது. குளிர் ஏறுவது கால் விரலில் தெரிகிறது. கோல் வாங்கினால் ஒருத்தியும் திட்டுவதில்லை. ‘பரவால்ல பரவால்ல’ என்று முதுகைக் காட்டிக்கொண்டே போகிறார்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஒரு வீட்டின் மேல்மாடி காலியாக இருக்கிறது, ரிங்க்குக்குப் பக்கம். வந்து இரு. குளிர்காலத்துக்கு மட்டும் இருந்தாலும் சரி. இடது ஓரம் உனக்கு. வலையில் நான் நிற்கிறேன். இந்தப் பேச்சில் பேரம் இல்லை.

பதிலை எதிர்பார்த்து,
வெர்னா


ரெட் டியர்
14 டிசம்பர் 1997

அன்பு வெர்னா,

உன் எழுத்தை உறையில் பார்த்ததும் நின்றபடியே பிரித்துப் படித்தேன். இங்கே எல்லோரும் நலம். டைலருக்கு இரண்டாவது பல்லும் ஆடுகிறது. நீ கோலியாக நிற்பதைக் கற்பனை செய்து, சமையலறையில் தனியாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கால் விரலுக்கு உள்ளே பட்டு உறையும் மேலே கம்பளி உறையும் போடு. இரண்டும் கம்பளி என்றால் வேர்த்து, அந்த ஈரத்தில்தான் குளிர் ஏறும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் வரமாட்டேன், வெர்னா. கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் வந்திருப்பேன்.

உனக்கு முன்னால் இடது ஓரம் ஆடினால், ஓடுகிற நேரமெல்லாம் திரும்பித் திரும்பி உன்னைத்தான் பார்ப்பேன். உன் வலைக்குப் பக் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவருவேன். நாம் அப்படித்தான் பழகிவிட்டோம். இங்கே நான் யாருக்கும் அக்கா இல்லை. ஒரு வயதான பெண்மணி, கொஞ்சம் வேகமாக ஓடுவாள், அவ்வளவுதான். இன்னும் எத்தனை குளிர்காலம் இந்தக் கால் ஓடும் என்று தெரியாது. அதை இங்கேயே செலவழித்துவிட ஆசைப்படுகிறேன்.

நீ கேட்டாயே, அது எனக்குப் பெரிசு. கொஞ்சம் முன்னால் கேட்டிருக்கலாம். நானும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

பெரஹி மாவில் ஒரு கரண்டி புளித்த பாலாடை சேர், கெட்டியாகாது.

உன் அக்கா
அடலீன்


ஹார்மன்
18 ஜனவரி 1998

அக்காவுக்கு,

நான் சுகம். பட்டு உறை வாங்கிவிட்டேன், விரல் உயிரோடு இருக்கிறது. பெரஹி மெத்தென்று வந்தது. உன் முடிவை ஏற்றுக்கொண்டேன். மேல்மாடியைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தருக்கு விட்டாயிற்று.

நேற்று வில்லோபாங்க்கோடு ஆட்டம். எதிர் வலையில் கோனி, சுவர் மாதிரி நிற்கிறாள். கடைசி நிமிஷத்தில் நம்மவர்கள் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அந்தக் கோடியில் எல்லாரும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துக் கூச்சல். நான் இந்தக் கோடியில் மட்டையைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கும்பலிலிருந்து ஐரீன் மட்டும் பிரிந்து, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, திடல் முழுக்கத் தள்ளாடித் தள்ளாடி வந்தாள். மூச்சு வாங்கியது. மட்டையால் என் கால் மெத்தையில் இரண்டு தட்டு தட்டினாள்.

“எதுக்குடி இவ்வளவு தூரம் வந்த?” என்றேன்.

“கோல் போட்டா கோலிகிட்ட ஒருத்தி வரணும் வெர்னா, அதுதான் முறை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அக்கா, நாம் கோல் போட்டபோதெல்லாம் உன்னிடம் யார் வந்தார்கள் என்று உன்னைக் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். உனக்கு மிகப் பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக ஓடு.

வெர்னா